சூடு தெரியும், ஆள் தெரியாது

கறுப்புத் திரை. அதில் வெள்ளை வெள்ளையாகப் பத்துப் பதினைந்து உருவங்கள் மேய்கின்றன. ஒரு சின்னக் கூட்டல் குறி மெதுவாக நகர்ந்துபோய் அவற்றில் ஒன்றின் தோளில் நிற்கிறது. 'டப்'. அது விழுகிறது, மற்றவை சிதறி ஓடுகின்றன. அமெரிக்காவின் டெக்சாஸ்காரர்கள் ராத்திரிப் பன்றி வேட்டையைப் படம் பிடித்துப் போடும் இந்த மாதிரி வீடியோக்கள் இப்போது திண்டுக்கல்லில் எங்கள் பேகம்பூர் வாட்ஸப் குழுக்கள் வரைக்கும் வந்துவிட்டன. எனக்கு அனுப்பியவர் எங்கள் அக்கா வீட்டுக்காரர். கீழே ஒரு வரி: "மாப்ளே, இது என்ன விலை வரும்? நீ மில்லுல இதே மாதிரி ஒண்ணு வச்சிருக்கேல்ல?"

மச்சானுக்குச் சிறுமலை அடிவாரத்தில் குத்தகை நிலம். கடலை போடுவார், மழை நன்றாக இருந்தால் மக்காச்சோளம். காய் பிடிக்கும் நேரம் பார்த்துப் பன்றி இறங்கும். ஒரே ராத்திரியில் கால் ஏக்கரை உழுதது மாதிரி புரட்டிப் போட்டுவிட்டுப் போகும். "நாம அதைத் திங்கிறதும் இல்ல, தொடுறதும் இல்ல. அது மட்டும் வருஷா வருஷம் நம்ம கடலையத் தின்னுட்டுப் போகுது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் குத்தகைக் காசு கட்டும் மாதத்தில் அந்தச் சிரிப்பு இருக்காது. அதனால் அவர் கேட்டதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு தள்ளிவிட முடியவில்லை. வாய்ஸ் மெசேஜில் சொல்லி முடியாது என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கையில் இருப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். பேனல் போர்டில் ஒரு நட்டு லூசாக இருந்தால் அந்த இடம் சூடாகும். கண்ணுக்குத் தெரியாது, தெரியும்போது புகை வந்திருக்கும். பஞ்சு பறக்கிற இடத்தில் புகை வருவது என்றால் என்ன என்று மில்லில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகத்தான் தெர்மல் கேமரா. துப்பாக்கி மேல் மாட்டுகிற தெர்மல் ஸ்கோப்பும் உள்ளுக்குள் இதே சாமான்தான். லென்ஸ் பெரிது, திரையில் குறி இருக்கும், துப்பாக்கியின் உதையைத் தாங்கும்படி கட்டியிருப்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

சூடுள்ள எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்றை வீசிக்கொண்டே இருக்கிறது. 1800இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வானியலாளர் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். அங்கேதான் சூடு அதிகமாக ஏறியது. அகச்சிவப்பு என்று நாம் படித்தது அதைத்தான். மனித உடம்பும் மாட்டு உடம்பும் அதிகச் செறிவாக வீசுவது 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில். இந்த அலைநீளம் சாதாரணக் கண்ணாடிக்குள் புகாது. அதனால்தான் இந்தக் கேமராக்களின் லென்ஸ் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்யப்படுகிறது, விலை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். லென்ஸுக்குப் பின்னால் லட்சக்கணக்கான நுண்ணிய வெப்ப உணரிகள். சூடு படும்போது ஒவ்வொன்றின் மின்தடையும் மாறும், அந்த மாற்றம்தான் படமாகிறது. 1980களில் அமெரிக்க ராணுவத்துக்காக ஹனிவெல் நிறுவனம் இதை ரகசியமாக வளர்த்தெடுத்தது, 1990களில் ரகசியம் விலகி வெளியுலகத்துக்கு வந்தது. இன்று தீயணைப்பு நிலையம், மில், வேட்டைக்காரர் கை என்று எல்லா இடத்திலும் இருக்கிறது.

படங்களில் பச்சையாகத் தெரியுமே, நைட் விஷன், அது வேறு. அது இருக்கிற கொஞ்ச நஞ்ச வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும். நிலா, நட்சத்திரம், ஏதாவது வேண்டும். தெர்மலுக்கு வெளிச்சமே வேண்டாம். அமாவாசையும் ஒன்றுதான், பௌர்ணமியும் ஒன்றுதான்.

இவ்வளவு கேட்டதும் மச்சானுக்கு ஆசை இன்னும் கூடியிருக்கும். இனிதான் விஷயம்.

மில்லில் இந்தக் கேமராவைக் கையில் கொடுத்ததும் சீனியர்கள் முதலில் கற்றுக்கொடுப்பது இதை நம்பாதே என்பதைத்தான். பளபளப்பான செம்பு பஸ்பார் கொதித்துக்கொண்டிருக்கும், கேமரா குளிர்ச்சி என்று காட்டும். ஏனென்றால் மெருகேறிய உலோகம் தன் சூட்டை வீசுவதில் கஞ்சன். எதிரில் இருப்பவற்றின் சூட்டைத்தான் திருப்பிக் காட்டும். கண்ணாடிக் கதவு போட்ட பேனலை மூடியபடி பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது, நம் முகம்தான் வெள்ளையாகத் தெரியும். வயல்காட்டிலும் இதே கதைதான். ஜீப் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து தெர்மலில் வெளியே பார்க்க முடியாது. இலைக்குப் பின்னால் பார்க்கும் என்பதும் கட்டுக்கதை. இலை மறைத்தால் மறைத்ததுதான், இடுக்கு வழியாகத் துண்டு துண்டாகத் தெரியும்.

ஒருமுறை மேனேஜரிடம் அனுமதி வாங்கிக் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து மொட்டைமாடியிலிருந்து ஊரைப் பார்த்தேன். மே மாதம், இஷா தொழுகை முடிந்த நேரம். சிண்டெக்ஸ் டேங்குகளில் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரிந்தது. தண்ணீர் இருக்கும் மட்டம் வரை ஒரு நிறம், மேலே ஒரு நிறம். பெரிய பள்ளிவாசல் பக்கம் ஆட்கள் போவது வருவது தெரிந்தது. ஆனால் என்னை நிறுத்திவைத்தது திண்டுக்கல் மலைக்கோட்டைதான். சூரியன் போய் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் அந்த மொத்தப் பாறையும் அடுப்பில் கிடந்த தோசைக்கல் மாதிரி வெளுத்துக் கிடந்தது. அந்த வெள்ளைக்கு முன்னால் ஒரு ஆடு நின்றால் தெரியுமா என்று யோசித்தேன். தெரியாது.

டெக்சாஸ் வீடியோவில் குளிர்ந்த புல்வெளி, அதில் சூடான பன்றி, கறுப்பில் வெள்ளை. தெர்மல் காட்டுவது சூட்டை என்பதைவிடச் சூட்டு வித்தியாசத்தை என்பதே சரி. பன்றியின் உள்ளுடம்பு எவ்வளவு சூடாக இருந்தாலும் கேமராவுக்குத் தெரிவது அதன் மயிரின் மேற்பரப்பு, அது சுற்றுப்புறச் சூட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். கண், காது, தொடை இடுக்கு மட்டும் பளிச்சென்று தெரியும். நம் கோடையில் கரட்டுப் பாறையும் செம்மண் வரப்பும் கரையான் புற்றும் பகல் முழுக்கக் குடித்த வெயிலை நடுராத்திரி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். அப்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறம். விடியற்காலை மூன்று நான்கு மணிக்குத்தான் மண் ஆறிப் படம் தெளியும். விற்பனைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

அவர் சொல்வது வேறு. "ஒன்றரை கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் தெரியும் சார்." பொய் கிடையாது. ஆனால் 'தெரியும்' என்பதில் மூன்று படி இருக்கிறது. ஏதோ ஒன்று இருக்கிறது என்று தெரிவது முதல் படி. நாலு காலா, இரண்டு காலா என்று புரிவது அடுத்த படி. இன்னதுதான் என்று உறுதியாவது கடைசிப் படி. 1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன் இதை அளந்தே வைத்தார். இன்றைய டிஜிட்டல் கணக்கில் சொன்னால் முதல் படிக்கு உருவத்தின் குறுக்கே இரண்டு புள்ளி போதும், இரண்டாவதற்கு எட்டு, மூன்றாவதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று. விளம்பரத்தில் போடுகிற தூரம் பெரும்பாலும் முதல் படி.

கணக்கு போட்டே பார்ப்போம், பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஸ்கோப்பின் ஒரு புள்ளி 12 மைக்ரான், லென்ஸ் 35 மி.மீ. என்று வையுங்கள், சந்தையில் இது சாதாரண அளவு. 100 மீட்டர் தூரத்தில் ஒரு புள்ளி மூன்றரை செ.மீ. அகலத்தைப் பிடிக்கும். முக்கால் மீட்டர் உயரப் பன்றி அங்கே இருபது புள்ளிக்கு மேல், நன்றாகத் தெரியும். 300 மீட்டரில் ஒரு புள்ளி பத்து செ.மீ. பன்றி ஏழே புள்ளி. இப்போது பன்றியை எடுத்துவிட்டு, போர்வையைப் போர்த்திக்கொண்டு வரப்பில் குந்தியிருக்கிற ஒரு மனிதரை வையுங்கள். அவரும் ஏழெட்டுப் புள்ளிதான்.

ஏழெட்டு வெள்ளைப் புள்ளி. மச்சான், இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

டெக்சாஸில் அந்த மேய்ச்சல் நிலம் பெரும்பாலும் வேலி போட்ட தனியார் பண்ணை. ராத்திரி அங்கே நடமாட யாரும் இல்லை. நம்ம ஊர் ராத்திரி அப்படியா? மும்முனைக் கரண்டு ராத்திரி முறையில் வந்தால் மோட்டார் போட ஆள் போவார். மடை மாற்ற ஒருவர் டார்ச் இல்லாமலே வரப்பில் நடப்பார். அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். இருநூறு ஆடு, பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் கீதாரி. பன்றிக்குக் காவல் என்று பரணில் ஒருவர், அதற்கடுத்த காட்டில் இன்னொருவர். வெளிக்குப் போகிற பெரியவர் இருப்பார். இத்தனை பேரும் அந்தத் திரையில் ஒரே வெள்ளை. பன்றி என்று நினைத்து மனிதரைச் சுட்டுவிட்ட செய்திகள் கேரளத்திலிருந்தும் நம் மலையோர ஊர்களிலிருந்தும் வராமல் இல்லை. நன்றாகத் தெரிகிறது என்ற நம்பிக்கை அதைக் குறைக்காது, கூட்டத்தான் செய்யும் என்பது என் எண்ணம்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து வெளிச்ச வேட்டையில் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு போவார்கள். வெளிச்சத்தில் கண் கூசி முயல் நின்றுவிடும், அடிப்பார்கள். அதுவும் சட்டவிரோதம்தான், நியாயப்படுத்தவில்லை. ஆனால் கரட்டில் ஒரு வெளிச்சம் அலைந்தால் கீழே ஊரே பார்க்கும். யாரோ வேட்டைக்குப் போயிருக்கிறான் என்று தெரியும், மோட்டார் போடப் போகிறவர் சத்தம் கொடுத்துவிட்டுப் போவார். ஃபாரஸ்டருக்கும் தகவல் போகும். தெர்மல் வைத்திருப்பவன் இருட்டோடு இருட்டாக உட்கார்ந்திருப்பான். மிருகத்துக்கும் தெரியாது, மனிதருக்கும் தெரியாது. எனக்குப் பயமே அங்கேதான்.

சட்டத்துக்கு வருகிறேன், சுருக்கமாக. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. காட்டுப்பன்றியும் அதில் அடக்கம். முயற்சி செய்தாலே வேட்டைதான், செத்து விழ வேண்டும் என்று அவசியம் இல்லை. 2022 திருத்தத்துக்குப் பிறகு பொதுவான தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். துப்பாக்கி, வண்டி எல்லாம் அரசுக்குப் போகும். பயிருக்கு ஆபத்து என்றால் 11ஆம் பிரிவின் கீழ் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுத்தில் உத்தரவு போடலாம். அந்தக் காகிதம் இல்லாமல் கிடையாது.

துப்பாக்கிச் சட்டம் இன்னும் வேடிக்கை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது குழாயின் வாய்வழியே மருந்தும் ரவையும் கெட்டிக்கிற பழைய துப்பாக்கியைத்தான். அந்தத் துப்பாக்கி மேல் ஜெர்மானியம் லென்ஸ் வைத்த ஸ்கோப்பை மாட்டினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நல்ல தெர்மல் ஸ்கோப் ஒன்று அமெரிக்காவிலேயே இரண்டாயிரம், மூவாயிரம் டாலர் ஆகும். மச்சானின் ஒரு வருஷக் கடலை மொத்தமும் வராது அந்தக் காசுக்கு.

"அப்போ அவங்க மட்டும் சுடுறாங்களே?" என்று கேட்பார். அமெரிக்காவில் பன்றி வந்தேறி. ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்த வளர்ப்புப் பன்றி காட்டுக்குத் தப்பிப் பெருகியது. பிறகு ஐரோப்பியக் காட்டுப்பன்றியையும் வேட்டைக்கென்றே கொண்டுவந்து விட்டார்கள். டெக்சாஸில் 2019 முதல் நில உரிமையாளர் சம்மதம் இருந்தால் அந்தப் பன்றியைச் சுட வேட்டை உரிமம்கூட வேண்டாம். ஜெர்மனியில் இரவுப் பார்வைக் கருவியைத் துப்பாக்கியில் மாட்டுவதற்கு நெடுங்காலம் தடை இருந்தது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் எல்லையை நெருங்கிய பிறகுதான், 2020இல் வேட்டைக்காரர்களுக்கு அதைத் தளர்த்தினார்கள். நம் காட்டில் பன்றி வந்தேறி இல்லை, மண்ணின் பிராணி. புலிக்கும் சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை. கடலைக்காட்டுக்குள் வந்தால் அது தொல்லை, அதில் மறுப்பில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் இப்போது ஒரு வழி இருக்கிறது. 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் சொன்னது இது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டுக்குள் விடுவார்கள். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். சுடுவது வனத்துறையினர், விவசாயி கிடையாது. கேரளத்தில் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்து, உரிமம் உள்ள துப்பாக்கிக்காரர்களை வைத்துச் சுடுகிறார்கள். எது மேல் என்று விவசாயச் சங்கக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். அடிவாரத்தில் நிலம் வைத்திருப்பவருக்கு நம் விதி பெரிய ஆறுதல் இல்லை என்பது உண்மை. மச்சானின் காடு காப்புக்காட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவர் எந்தக் கணக்கிலும் சுடுகிற பகுதிக்குள் வர மாட்டார்.

தெர்மல் நம் பக்கம் உருப்படியாகப் பயன்படுவது துப்பாக்கி இல்லாத இடங்களில். கோவை மதுக்கரையில் ரயில் தண்டவாளத்தில் யானைகள் அடிபட்டுச் சாவதைத் தடுக்க 2024 பிப்ரவரியில் ஒரு ஏற்பாடு தொடங்கினார்கள். ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குப் பன்னிரண்டு கோபுரம், 7.24 கோடி ரூபாய். தண்டவாளத்தை நெருங்கும் யானையைத் தெர்மல் கேமரா பிடித்தால் தகவல் போய் ரயில் வேகம் குறையும். ஒரு யானைக்கு எத்தனை புள்ளி வரும் என்று யோசியுங்கள். இந்த வேலைக்கு இந்தக் கருவி கச்சிதம். ஆனால் புதருக்குள் இதுவும் திணறும். மசினகுடியில் 2021இல் டி23 என்று எண்ணிட்ட புலியைத் தேடியபோது ட்ரோன்கள், கும்கிகள், மோப்ப நாய்கள் எல்லாம் இறங்கின. உண்ணிச்செடிப் புதருக்குள் புகுந்த புலியை மேலிருந்து எது பார்க்கும்? மூன்று வாரம் அலைந்து, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசியில்தான் உயிரோடு பிடித்தார்கள்.

நம் திண்டுக்கல் மாவட்டத்தில் தெர்மலுக்குத் தனி வேலை ஒன்று உண்டு. அய்யலூர், வடமதுரைப் பக்கக் கரடுகளில் தேவாங்கு இருக்கிறது. கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்தையும் சேர்த்து 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். கால் கிலோ எடை, ராத்திரியில் மட்டும் நடமாட்டம். சிவப்பு விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு கண் மினுக்கம் பார்த்துத்தான் எண்ணுகிறார்கள். விளக்கே இல்லாமல் தெர்மலில் கிளை கிளையாகத் தேடினால் அந்தப் பிராணிக்குத் தொந்தரவு இன்னும் குறையும். அதே கரட்டில் ஒருவன் ஸ்கோப்போடு போனால் தேவாங்கும் அவனுக்கு ஒரு வெள்ளைப் புள்ளிதான். அவனும் வனத்துறை ட்ரோனுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி என்பதை மறந்துவிடக் கூடாது. உடம்புச் சூட்டை வீட்டில் வைத்துவிட்டு யாரும் வேட்டைக்குப் போக முடியாது.

ஸ்கோப் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவுட்டுக்காய் வைக்கட்டும், கரண்டு விடட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. 2020இல் பாலக்காட்டில் வெடி வைத்த காயைக் கடித்துச் செத்த கர்ப்பிணி யானையை உலகமே பார்த்தது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஅள்ளி பக்கம் ஒருவர் காட்டில் விட்ட கரண்டில் மூன்று யானைகள் செத்தன, குட்டிகள் இரண்டு தாயின் பக்கத்திலேயே நின்றன. அதே ஆண்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த அரசு விதிகள் கொண்டுவந்தது.

ஆகவே மச்சான், ஸ்கோப் வாங்கும் யோசனையை விடுங்கள். பன்றி இறங்கினால் மறுநாள் காலையிலேயே சேதத்தைப் போட்டோ எடுத்து, குத்தகைப் பத்திரம், அடங்கலோடு சிறுமலை ரேஞ்ச் ஆபீஸில் மனுக் கொடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள், ஒற்றை மனுவுக்கு மதிப்புக் குறைவு. விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கிற, உயிரைப் பறிக்காத சோலார் வேலி போடலாம், வனத்துறை அனுமதியோடு. வேலிக்கு அந்த அதிர்ச்சியைக் கொடுக்கிற எனர்ஜைசரை இணைக்கிற வேலைக்கு ஆள் தேட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வந்து செய்து தருகிறேன். கம்பியும் கம்பமும் உங்கள் செலவு.